வராதவர்களின் நாற்காலி

ரூபேந்திரனுக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்துவிட்டார்கள். திறந்தால் குளம், குளத்தைச் சுற்றிப் புல், புல்லின் நடுவில் மாதா சிலை. எனக்குப் பன்னிரண்டு வருடமாக போட்டோஸ்டாட் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை. ஒவ்வொரு தாள் வெளியே வரும்போதும் முகத்தில் சூடான காற்று அடிக்கும். அவன் ஜன்னலைத் திறந்து நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தம் அந்த இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்கும். இதைப் பொறாமை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். பொறாமைதான். வயிற்றெரிச்சலுக்கு மருந்து கேட்டுக் கிளினிக்குக்கே போனவன் நான். காரத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ரூபேந்திரனைக் குறைக்க அவரிடம் மருந்து இல்லை.

என் பெயர் திருச்செல்வம். அன்னை பெர்னதெத் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஜொகூர் பாருவுக்கு வெளியே, முன்பு செம்பனைத் தோட்டம் இருந்த இடம். வாசலில் நான்கு மொழிகளில் "எல்லோரும் உள்ளே வாருங்கள்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே காவலுக்கு ஒரு ஜாகா நின்று அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவார். நெற்றியில் திருநீறோடு நேர்முகத்துக்குப் போன என்னை, "அந்தத் திருநீறும் எங்களுக்கு வேணும்" என்று கட்டிப்பிடித்து வேலைக்கு எடுத்தவர் துணைவேந்தர் ஃபாதர் பெனடிக்ட் கனகராஜ். தங்கமான மனிதர். யாருக்கும் இல்லை என்று அவர் வாயால் சொன்னதே கிடையாது. அதனால் யாருக்கும் எதுவும் கிடைத்ததும் கிடையாது.

இந்த வருடம் எங்கள் துறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. போட்டியில் நானும், என்னுடன் வேலை பார்க்கும் ரூபேந்திரனும். நானோ ஒவ்வொரு டிசம்பரிலும் பல்லைக் காட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்கிற ஆள். என் மனைவி தவமணிதேவி சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, நாள் முழுக்க டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வரும்போது பாலத்து நெரிசலிலும் நின்றுகொண்டே வருவாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைவதில்லை. எனக்கு வேலை நிரந்தரமானால் குடும்பத்துக்கே மருத்துவ அட்டை உண்டு. அவள் வேலையை விட்டுவிடலாம்.

"நிரந்தரம் ஆவட்டும்ங்க," என்பாள். "அன்னிக்கே வேலையவிட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டு வந்து கால நீட்டிப் படுத்துடுறேன்."

ரூபேந்திரனைப் பற்றி நான் புலம்ப ஆரம்பித்தால் மட்டும் காது கொடுக்க மாட்டாள். "பொறாமப்பட எனக்கு எங்கங்க நேரம்? பஸ்ஸ விட்டுடுவேன்" என்று போய்க்கொண்டே இருப்பாள்.

நாற்காலிக் கதை ஒரு துறைக் கூட்டத்தில் ஆரம்பித்தது. கூட்டம் நடக்கிற அதே நேரத்தில் ரூபேந்திரனுக்கு வகுப்பு. முந்தின நாளே வந்து, "அண்ணே, ஃபாதர் வர்றாராம்லா. நான் இல்லன்னா நல்லா இருக்காது. என் கிளாஸ கொஞ்சம் பாத்துக்குங்களேன்" என்றான். முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொள்வதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. நானும் தலையாட்டிவிட்டேன். கூட்ட அறைக்குப் போய் ஒரு நாற்காலியில் என் ஸ்வெட்டரைப் போட்டு இடம் பிடித்து வைத்துவிட்டு, அவன் வகுப்பை எடுக்க ஓடினேன். பழுப்பு ஸ்வெட்டர். ஏர்கோன் குளிர் எனக்கு ஆகாது என்று தவமணி சிங்கப்பூரில் மலிவு விற்பனையில் வாங்கித் தந்தது.

திரும்பி வந்தபோது எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீன் டாக்டர் மீனலோசனிக்கும் ரூபேந்திரனுக்கும் நடுவில் என் நாற்காலி காலியாக இருந்தது. உட்காரப் போனேன். ஃபாதர் கையைத் தூக்கித் தடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உக்காராதீங்க, திருச்செல்வம். ரூபேந்திரன் இப்பதான் ஒரு விஷயம் சொன்னார். நாங்க யாரும் பேச முடியாம இருக்கோம்."

நடந்தது இதுதான். "இந்த நாற்காலி யாருக்கு?" என்று ஃபாதர் கேட்டிருக்கிறார். "என் வகுப்பை எடுக்கப் போயிருக்கிற அண்ணனுக்கு" என்று ரூபேந்திரன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் வகுப்பில் அவன் ஏன் இல்லை என்று கேள்வி வரும். அதனால் குரலைத் தழைத்துக்கொண்டு, "ஃபாதர், இது இங்க வராதவங்களுக்கு" என்றிருக்கிறான்.

"ஃபாதர், அது என் நாற்காலி," என்றேன். "மேல கெடக்கிறது என் ஸ்வெட்டர்."

ஃபாதர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? 'என் நாற்காலி'ன்னு சொல்றார். வராதவங்க இடத்துல தன்னையே வெச்சுப் பாக்குறார். நம்ம ஒவ்வொருத்தரும் இப்படிச் சொல்ற நாள் வரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடியும்வரை நான் சுவரோரமாக நின்றேன். போகும்போது ஸ்வெட்டரை எடுக்கக் கையை நீட்டினேன். டீன் என் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

"இருக்கட்டும், மிஸ்டர் திருச்செல்வம். வராதவங்களுக்கும் குளிரும் இல்லையா?"

அடுத்த கூட்டத்துக்கு எனக்கு வேறு நாற்காலி கேட்டேன். துறைக்கு ஒதுக்கிய நாற்காலிகள் அவ்வளவுதான் என்றார்கள். கேண்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கி வந்து உட்கார்ந்தேன். எதிரில் என் நாற்காலி என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சொகுசாக இருந்தது. பக்கத்தில் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமிலிருந்து வரவழைத்த பெரிய பூச்சாடி. முன்னால் தண்ணீர்ப் புட்டி, மைக், ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப். முதல் கறிபாப் அதற்குத்தான். கூட்டம் முடிந்ததும் வராதவர்கள் சார்பாக அதை ரூபேந்திரன் சாப்பிடுவான். கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப வருத்தத்தோடு சாப்பிடுவான்.

ஓட்டெடுப்பு வந்தால் நாற்காலியின் கருத்தையும் கேட்பார்கள். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ரூபேந்திரன், "சம்மதம்னுதான் எனக்குப் படுது, ஃபாதர்" என்பான். என் பாடச் சுமையைக் கூட்டுகிற தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. கூட்டம் இல்லாத நாட்களில் நாற்காலி இருட்டில் கிடக்கக் கூடாது என்று ஜன்னல் அறையை அதற்கு ஒதுக்கினார்கள். கதவில் "வராதவர்கள்" என்று பித்தளைப் பலகை. அதற்குக் கீழே சின்னதாக, "உடன்: ரூபேந்திரன்." வாசலை ஒட்டிக் கூரை போட்ட கார் நிறுத்துமிடமும் வராதவர்களுக்கே போனது. அங்கே எந்தக் காரும் நின்றதில்லை. மழையில் நனைந்துகொண்டே அதைத் தாண்டி நடக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பல்லினப் பண்பாட்டு நாள் வந்தது. யாருடைய பண்டிகையும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லாப் பண்டிகையையும் ஒரே நாளில் வைத்தார்கள். யாருக்கும் முன்னுரிமை கொடுத்ததாக ஆகக் கூடாது என்று யாருக்குமே பண்டிகை இல்லாத நாளாகப் பார்த்து வைத்தார்கள். டீன் துணிக்கடைகள் நிறைந்த தங்காக்குக்குப் போய்த் துணி எடுத்து எல்லோருக்கும் உடை தைத்தார். உடம்பில் மலாய் பாத்தேக் துணி, ஓரத்தில் சேலைச் சரிகை, கழுத்தில் சீனக் காலர். எல்லா உடம்பையும் அரவணைக்க ஒரே அளவு. சாப்பாட்டுக் குழு மூன்று முறை கூடியது. மாடு சாப்பிடாதவர்களை நினைத்து மாட்டை நீக்கினார்கள். பன்றியை யாரும் பேச்சுக்கும் எடுக்கவில்லை. பிறகு சைவர்களுக்காகக் கோழி போனது, முட்டை போனது, வெங்காயமும் பூண்டும் போனது. கடைசியில் அவித்த சோளம் மிஞ்சியது. இனிப்பு நீர் வியாதி உள்ளவர்களை நினைத்து அதையும் பாதியாக வெட்டினார்கள். நாற்காலிக்கு மட்டும் முழுச் சோளம் வைத்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டு நான் பாதியைக் கடித்தேன்.

இதற்கு நடுவில் பரீட்சை வந்தது. லோஷினி என்ற மாணவி வரவில்லை. முட்டை போட்டேன். மறுநாளே டீன் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தப் பொண்ணோட மௌனத்த நீங்க கேக்கல, மிஸ்டர் திருச்செல்வம்."

"அவ பரீட்சைக்கே வரல, மேடம்."

"அதேதான் சொல்றேன். வராதவங்களுக்கு முட்ட போடுற ஒரே ஆள் இந்தப் பல்கலைக்கழகத்துலயே நீங்கதான்."

"விடைத்தாள் இல்லாம எப்படி மேடம் மார்க் போடறது?"

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம சொல்லிக் குடுக்கிறது என்ன? கம்யூனிகேஷன். எழுதினாத்தான், பேசினாத்தான் கம்யூனிகேஷனா? நானும் எங்க வீட்டுக்காரரும் பேசி வருஷக் கணக்கா ஆச்சு. எங்களுக்குள்ள எவ்வளவு புரிதல் இருக்கு தெரியுமா? போன மாசம் வீடு மாறிப் போனதகூட அவர் சொல்லாமலே நான் புரிஞ்சுக்கிட்டேன்."

முழு மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் லோஷினியே தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தாள்.

"சார், சாரி லா சார். ஃபிரண்ட்ஸோட மெர்சிங் போய் தீவுக்குப் போட் ஏறிட்டேன். அலை ஜாஸ்தின்னு திரும்பி வர விடல. மறுபடி எழுதணுமா சார்?"

"வேணாம்மா. நீதான் வகுப்புலயே முதல்."

"அலமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். யாரிடமெல்லாம் சொல்ல ஓடினாள் என்பது அடுத்த வகுப்பில் தெரிந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டீன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் என் கண்முன் வந்து போனது. பலகையில் அனுப்புபவர், செய்தி, பெறுபவர் என்று மூன்று வட்டம் போட்டு, காலி நாற்காலிகளுக்கு அதை விளக்கினேன். சந்தேகம் இருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லை.

மறுநாள் ஃபாதர் என்னைத் தேடி போட்டோஸ்டாட் இயந்திரத்துக்கே வந்துவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மொத்த வகுப்பையும் வராதவங்களுக்கே திறந்துவிட்டிருக்கீங்க! ரூபேந்திரன் கிளாஸ்லகூட இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க" என்றார். அவர் பின்னால் நின்ற ரூபேந்திரனின் முகம் சுண்டிப்போனது. என்ன சுகம் தெரியுமா அது! வீட்டுக்குப் போய்த் தவமணியிடம் சொன்னேன். அவள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "அப்ப கெடச்சுரும்ங்கிறீங்க?" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் கேட்டதில்லை. கிடைத்துவிடும் என்றேன்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர், டீன், நாற்காலி. ரூபேந்திரன் எனக்கு முன்னால் உள்ளே போனான். வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு விசும்பல். பிறகு கைதட்டல். வெளியே வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒன்னுமே பேசல அண்ணே. நாற்காலியப் பாத்துக்கிட்டே இருந்தேன்லா" என்றான். பாவி, எனக்கு இது தோன்றவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

"வராதவங்களுக்கு நீங்க என்ன செய்வீங்க, திருச்செல்வம்?" என்று ஃபாதர் கேட்டார்.

அழுதுவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "வந்தவங்களுக்கு ஒழுங்கா பாடம் எடுப்பேன், ஃபாதர்," என்றேன்.

அறையில் ஏர்கோன் ஐஸாக அடித்தது. எதிரில் என் ஸ்வெட்டர். என் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன.

"உங்க உடம்பே நடுங்குது," என்றார் டீன். "எவ்வளவு ஆழமா உணர்றீங்க!"

"குளிருது, மேடம்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தவமணியின் பஸ்ஸையும், பாலத்தையும், வீங்கின காலையும் கொட்டிவிட்டேன். இந்த வேலை கிடைத்தால் அவள் வேலையை விட்டு நின்றுவிடலாம் என்பதையும் சொன்னேன். ஃபாதர் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"சிங்கப்பூர்ல, ஃபாதர். வேலையில."

"அப்ப அவங்களும் வராதவங்க!" ஃபாதர் முகம் பிரகாசமாகிவிட்டது. நாற்காலியைக் கை காட்டினார். "இவ்வளவு நாளும் இதுல உக்காந்திருந்தது உங்க மனைவிதான், திருச்செல்வம்."

டீன் மூக்கைச் சிந்திக்கொண்டார். வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன்.

அறிவிப்பு நாளுக்குத் தவமணி லீவு போட்டுவிட்டு வந்தாள். கிளினிக்கில் லீவு கேட்டால் முகத்தைத் தூக்குவார்கள், ஆனாலும் கேட்டு வாங்கி, பட்டுச் சேலை கட்டி வந்தாள். செருப்பு நுழையாததால் என் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ரூபேந்திரன் புதுச் சட்டை போட்டு, பேசவேண்டிய நன்றியுரையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

"நான் பல நாள் தூங்கல. திருச்செல்வத்த எடுத்தா ரூபேந்திரன ஒதுக்கின மாதிரி ஆகும். ரூபேந்திரன எடுத்தா திருச்செல்வத்த ஒதுக்கின மாதிரி. சரி, ரெண்டு பேரையும் எடுப்போம்னு பாத்தா, மனுவே போடாதவங்களோட கதி? அவங்க என்ன பாவம் செஞ்சாங்க? ஒருத்தரத் தேர்ந்தெடுக்கிறதே மத்தவங்களத் தள்ளிவிடற வேலைதான். இந்தப் பல்கலைக்கழகம் யாரையும் தள்ளாது. நாம முப்பது வருஷமா யாரையும் சேத்துக்காமலே யாரையும் தள்ளாம வந்திருக்கோம். அதனால இந்த நிரந்தர வேலைய..."

திரை விலகியது. இரண்டு மாணவர்கள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலை. மாலைக்கு உள்ளே என் ஸ்வெட்டர்.

மண்டபமே எழுந்து கை தட்டியது. ரூபேந்திரன் அழுதான். முதல் தடவையாக நிஜமாக அழுதான். "அந்த ஐடியாவே என்னோடதுலா அண்ணே," என்று என் தோளைப் பிடித்தான். எனக்கு அவன்மேல் ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவு வருடமாக அவனுக்கென்று வைத்திருந்த பொறாமை மொத்தமும் சக்கரம் வைத்த அந்த நாற்காலிக்குப் போய்விட்டிருந்தது. டீன் என் காதருகில் குனிந்தார்.

"நாற்காலி கிளாஸ் எடுக்காது இல்லையா? அதோட பாடத்தெல்லாம் நீங்களே பாத்துக்குங்க. டிசம்பர் வரைக்கும்."

தவமணி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது நம்ம ஸ்வெட்டர்தானே?"

"ஆமா."

எழுந்தாள். ரப்பர் செருப்பு சப்சப் என்று அடிக்க, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். ஃபாதர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கம்மா. நீங்க?"

"தவமணிதேவி. திருச்செல்வம் வீட்டுல."

ஃபாதரின் சிரிப்பு வாடியது. "அடடா. நீங்க வந்துட்டீங்களா?" நிஜமாகவே வருத்தப்பட்டார். "அப்ப நீங்க இதுல சேர மாட்டீங்களேம்மா."

"பரவால்ல, ஃபாதர்." மாலையைத் தூக்கி நாற்காலியின் கைமேல் வைத்தாள். ஸ்வெட்டரை உருவி இரண்டு உதறு உதறினாள். "பஸ்ல ரொம்பக் குளிருது. நாளைக்கும் போகணும்."

ஃபாதர் மைக் பக்கம் திரும்பினார். "பாருங்க! வேலைக்கு வந்த முதல் நாளே வராதவங்க தங்களோட மேல்சட்டையக் கழட்டி வந்தவங்களுக்குக் குடுக்கிறாங்க!"

இந்த முறை கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. தவமணி பட்டுச் சேலைக்கு மேலேயே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். எங்கள் கார் கடைசி மூலையில் நின்றது. நடக்க முடியாமல் அவள் பாதி வழியில், கூரை போட்ட அந்தக் காலி இடத்தின் நிழலில் நின்றாள். தூணில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"ஏங்க, அந்த நாற்காலிக்கு மெடிக்கல் கார்டு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. நிரந்தரம்ல."

ரப்பர் செருப்பைக் கழற்றி, வீங்கின காலைச் சில்லென்ற சிமெண்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் அந்த நிழலையும் மண்டபத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கே பொறாமையா இருக்குங்க," என்றாள்.